சனிக்கிழமைச் சம்பளமும் திங்கட்கிழமைப் பிள்ளைகளும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கையில் பணம் வரும். கடைவீதியில் கூட்டம், பிரியாணிக் கடையில் கூட்டம், டாஸ்மாக்கில் அதைவிடக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் என்ன நடந்ததோ அது திங்கட்கிழமை முதல் பீரியடில் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். ஒருத்திக்கு வயிற்று வலி. ஒருவன் நோட்டைத் தொலைத்துவிட்டான். இன்னொருவன் பக்கத்தில் இருப்பவனின் பேனாவைப் பிடுங்கி ஒடித்துவிட்டு, யாராவது கேட்கட்டும் என்று முறைத்துக்கொண்டு நிற்பான்.

நான் இந்த ஊர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. இடையில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் ஆலோசனை டிப்ளமோ ஒன்றும் படித்தேன். அது தெரிந்த நாள் முதல், பள்ளியில் எந்தப் பிள்ளை அழுதாலும் என் பக்கம் அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. டிப்ளமோவில் படித்ததில் பாதி உதவியது. மீதியைப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்தார்கள்.

பாசம் இருந்தால் போதும், பிள்ளை தானாக வந்து பேசும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்த்த பாசமான ஆசிரியர்களில் பலர் காது கொடுத்துக் கேட்பதில் மோசம். பிள்ளை வாயைத் திறந்ததும் உருகிப்போய், கட்டிப்பிடித்து, புத்தி சொல்லி, அடுத்த இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். பிள்ளை சொல்ல வந்தது பாதியில் நிற்கும். எங்கே உட்காருகிறோம், முதல் வாக்கியம் என்ன, எப்போது வாயை மூடிக்கொள்கிறோம், சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினோமா என்பதெல்லாம் பழக்கத்தில் வருபவை. சிடுசிடு என்று இருக்கும் ஆசிரியர்கூட இவற்றைப் பழகிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருக்கிறார். சிரித்தே யாரும் பார்த்ததில்லை, ஆனால் பையன்கள் அவரிடம்தான் போவார்கள்.

வீட்டில் பேச இந்தப் பிள்ளைகளுக்கு நேரமே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒன்றரை ஷிப்ட் என்றால் காலையில் எட்டரைக்குப் போனவர்கள் ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குத்தான் திரும்புவார்கள். ஏற்றுமதி ஆர்டர் அவசரம் என்றால் இன்னும் தாமதம். அப்பா டெய்லர், அம்மா செக்கிங். லைன் வீட்டில் ஒற்றை அறை. பலருக்குச் சொந்த ஊர் தேனி, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம். பாட்டியும் அத்தையும் அங்கேயே இருப்பார்கள். அதனால் மனசில் இருப்பதைச் சொல்ல இவர்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. பள்ளியிலோ மணிக்கு மணி பெல் அடிக்கும்.

முதலில் இடம். தலைமை ஆசிரியர் அறையில் எந்தப் பிள்ளையும் உண்மையைப் பேசாது. ஆசிரியர் ஓய்வறையிலும் பேசாது, அங்கே ஏழெட்டுக் காதுகள் இருக்கும். "வா, இப்படி உட்கார், என்ன பிரச்சினை சொல்லு" என்று எதிரே நாற்காலி போட்டால் அது விசாரணை. கையில் ஒரு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்கிறது. கணக்கு நோட்டுகளை எண் வாரியாக அடுக்குவது, ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து சிதறிய சாமான்களைப் பொறுக்கிப் பிரிப்பது, பழைய சார்ட்டுகளைச் சுருட்டிக் கட்டுவது என்று ஏதாவது ஒன்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய்வேன். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது. இடம் வராந்தாவாகவோ கதவு திறந்த வகுப்பறையாகவோ இருக்க வேண்டும். நாலு பேர் பார்க்கும்படி, ஆனால் நாலு பேர் காதில் விழாதபடி. இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, ஆசிரியருக்கும் பாதுகாப்பு. ஆண் ஆசிரியர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

அப்புறம் முதல் வாக்கியம். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை நான் விட்டுவிட்டேன். "ஏன் லேட்டு?", "ஏன் அழுவற?", "ஏன் அவனை அடிச்ச?" எல்லாவற்றுக்கும் பிள்ளை ஒரே பதில்தான் வைத்திருக்கும்: "சும்மா மிஸ்." பிள்ளையின் காதில் அது கேள்வியாக விழுவதில்லை, குற்றப்பத்திரிகையாக விழுகிறது. "என்ன ஆச்சு?" என்றால் கொஞ்சம் பேசும். "காலைல எந்திரிச்சதிலிருந்து சொல்லேன்" என்றால் இன்னும் பேசும், ஏனென்றால் அதில் சரி தப்பு எதுவும் இல்லை. எழுந்தேன், தண்ணி வரலை, தம்பிக்குத் தலை வாரினேன் என்று போய்க்கொண்டே இருக்கும்போது நடுவில் எங்காவது நிற்கும். நின்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நிற்கும்போது நாமும் சும்மா இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதைப்போலக் கஷ்டமான காரியம் வேறில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அது அறிவியல் பாடத்தில் கேட்ட கேள்விக்கு. வீட்டில் நடந்ததைச் சொல்ல மூன்று விநாடி எங்கே போதும்? நான் மனசுக்குள் பத்து வரை மெதுவாக எண்ணுவேன். கணக்கு டீச்சருக்கு அதுதானே வரும்.

எண்ணி முடித்தும் பிள்ளை பேசவில்லை என்றால், கடைசியாகச் சொன்ன நாலு வார்த்தையைத் திருப்பிச் சொல்வேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன். சாக்பீஸ் டப்பாவில் வெள்ளையையும் கலரையும் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா வந்தா நான் மாடிக்குப் போயிருவேன் மிஸ்."

"மாடிக்குப் போயிருவ."

"ம். தம்பியையும் கூட்டிட்டு."

"தம்பியையும் கூட்டிட்டு."

"அவன் அழுவான்ல. சத்தம் கேட்டா அப்பாக்கு இன்னும் கோவம் வரும். அதான் அவன் வாயைப் பொத்திக்குவேன்."

இதற்குள் கலர் சாக்பீஸ் எல்லாம் தனியாகிவிட்டது. அவன் டப்பாவைக் கவிழ்த்து மறுபடி கலந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சேர்ந்து பிரித்தேன். இன்னும் பேச வேண்டும் என்பதை அவன் அப்படித்தான் சொன்னான்.

பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் அது பிள்ளைக்கு இரண்டு விஷயத்தைத் தெரிவிக்கிறது: கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரும் ரிச்சர்ட் ஃபார்சனும் இப்படிக் கேட்பதைப் பற்றி 1957-இல் ஒரு சிறு வெளியீடு எழுதினார்கள். அதைக் கொண்டுவந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையம். தொழிற்சாலைகளில் ஆட்களை மேய்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. எங்கள் ஊர் கம்பெனி சூப்பர்வைசர்களிடமும் யாராவது அதைக் கொடுத்திருக்கலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அந்தப் பையனிடம் அடுத்து நான் கேட்டது: "மாடிக்குப் போக முடியாத நாள்ல என்ன பண்ணுவ?" கீழ் வீட்டு ஆயா கதவைச் சும்மா சாத்தி வைத்திருப்பார், அங்கே போவோம் என்றான். ஆக, அவன் ஏற்கெனவே ஒரு வழி வைத்திருக்கிறான், நம்பிக்கையான பெரியவர் ஒருவரும் இருக்கிறார். "தம்பியை விட்டுட்டுப் போகாம கூட்டிட்டுப் போற பாரு, அது நல்ல யோசனை" என்றேன். பொதுவாகப் பெரியவர்கள் இந்த இடத்தில் புதிதாக ஒரு யோசனை சொல்ல ஆசைப்படுவார்கள். பிள்ளை கண்டுபிடித்து வைத்திருக்கும் வழியைப் பலப்படுத்துவதுதான் முதல் வேலை. அப்புறம்தான் மற்றதெல்லாம். அவனுடைய அம்மாவிடம் போனில் பேசினேன், பெண்களுக்கான 181 உதவி எண்ணைக் கொடுத்தேன், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் விஷயத்தைக் கொண்டுபோனோம். குடி ஒரே நாளில் நிற்கவில்லை. ஆனால் ஆயா வீட்டுக் கதவு இப்போது அந்த அம்மாவுக்கும் தெரிந்தே திறந்திருக்கிறது.

பேச்சை நிறுத்தும் வாக்கியங்கள் சில நம்மிடம் பரம்பரையாக இருக்கின்றன. "இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா?", "ஆம்பளப் புள்ள அழலாமா?", "அவளைப் பாரு, எப்படிப் படிக்கிறா", "எல்லாம் சரியாயிரும் போ." இவற்றின் கெடுதல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவற்றைவிட நல்ல வேஷத்தில் வரும் ஒன்று இருக்கிறது: "உங்கப்பா அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படறாங்க தெரியுமா?"

தெரியும். அதுதான் பிரச்சினையே. திருப்பூர்ப் பிள்ளைக்கு அம்மா ஒரு நாள் லீவு போட்டால் எவ்வளவு சம்பளம் போகும் என்பது பைசா சுத்தமாகத் தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பாடம் கவனிக்கவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, கேட்டால் பதில் இல்லை. திமிர் என்று வகுப்பில் பேர் வாங்கிவிட்டாள். நோட்டு அடுக்கும்போதுதான் சொன்னாள், கடவாய்ப் பல் வலி. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அந்த வாரம் வாடகை கொடுக்க வேண்டிய வாரம். வலியைப் பொறுத்துக்கொண்டதைவிட, வலி இருப்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதுதான் அவளுக்குப் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. இந்தப் பிள்ளையிடம் போய் அம்மாவின் கஷ்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் என்ன ஆகும்? அடுத்த வலியையும் மறைப்பாள்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "லீவு போடாமலே பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கான்னு பார்ப்போம்." பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி, அவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு ஆனது. பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப் போனார். அப்புறம் வகுப்பில் அவளுக்கு நிறையப் பேச்சு. இப்போது பேச்சைக் குறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சில பிள்ளைகள் வாயால் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எனக்கு எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று வருடத் தொடக்கத்தில் சொல்லிவிடுவேன். படம் போடலாம், திட்டலாம், கேள்வி கேட்கலாம். நான் ஒரு வரி பதில் எழுதுவேன். சிவப்பு மை கிடையாது. எழுத்துப்பிழை திருத்துவது கிடையாது (தமிழாசிரியர் மன்னிக்க வேண்டும்). அறிவுரை கிடையாது. "எங்க நாய் செத்துப்போச்சு" என்று எழுதியிருந்தால், "அதோட பேர் என்ன?" என்று எழுதுவேன். மறுநாள் அரைப் பக்கத்துக்குப் பதில் வரும். பெரிய விஷயமாகத் தெரிந்தால் நோட்டில் பதில் எழுத மாட்டேன், அந்த நோட்டை அண்ணனோ பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையோ பார்க்கக்கூடும். "நோட்டு அடுக்க வா" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குப் புரியும்.

பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியைத் திறந்தபோது பெரிய பெரிய மனக்குறைகள் வரும் என்று காத்திருந்தோம். வந்ததில் பெரும்பாலானவை மாணவிகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்பதைப் பற்றி. சிலருக்கு ஏமாற்றம், "இதுக்கா பெட்டி?" என்றுகூடக் கேட்டார்கள். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. தாழ்ப்பாளைப் போடச் சொன்னோம், போட்டாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று. அடுத்த தடவை பெட்டியைத் திறந்தால் பஸ்ஸில் ஒரு ஆள் தினமும் வந்து உரசுகிறான் என்று, எந்த பஸ், எத்தனை மணி, எந்த ஸ்டாப் என்ற விவரத்தோடு ஒரு சீட்டு இருந்தது. சின்ன விஷயத்தைச் சொல்லி நம்மைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் பெரிய விஷயத்தைச் சொல்கிறார்கள். தாழ்ப்பாள் போட்டிராவிட்டால் அந்தச் சீட்டு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளியில் ஆலோசகர் ஒருவரை நியமிப்பதற்கு முன்னால் கழிப்பறைக் கதவைப் பாருங்கள் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த மாதிரிச் சீட்டு கைக்கு வந்தால் என்ன செய்வது? இங்கே மனசு மட்டும் போதாது, சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொன்னாலோ, நமக்குச் சந்தேகம் வந்தாலோ, 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆவது பிரிவின்படி தண்டனை உண்டு. நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றிய புகாரை மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறை. "ஸ்கூல் பேர் கெட்டுடும்", "பொண்ணு வாழ்க்கை என்னாகும்", "பேசித் தீர்த்துக்கலாம்" என்பவை சட்டத்தின் முன் நிற்காது, நிற்கவும் கூடாது.

அதனால்தான் பிள்ளை "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கையை நீட்டினால் நான் சத்தியம் பண்ணுவதில்லை. பண்ணிவிட்டு அப்புறம் மீறினால், அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரிடம் வாய் திறக்கவே யோசிக்கும். நான் சொல்வது: "சும்மா ஊர்ல சொல்லிட்டுத் திரிய மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னா, உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுவிட்டு எழுந்துபோன பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் திரும்பி வருவார்கள்.

அப்படிச் சொல்லும் பிள்ளைக்கு முதலில் காதில் விழ வேண்டியவை: நீ சொன்னது நல்லது, நான் நம்பறேன், உன் மேல தப்பு இல்லை. அதற்கு மேல் தோண்டக் கூடாது. விவரம் கேட்பது காவல் துறையின் வேலை, ஆசிரியர் வேலையல்ல. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வைப்பேன். "தொட்டான்" என்று சொன்னதை நாகரிகமாக மாற்றி எழுத மாட்டேன். தலைமை ஆசிரியர் முன் ஒரு தடவை, பெற்றோர் முன் ஒரு தடவை, கமிட்டி முன் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது கொடுமை. எதிராளியைக் கூப்பிட்டுப் பிள்ளை முன்னால் நிறுத்துவது அதைவிடக் கொடுமை. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அவர்களுக்குப் பிடித்த இடத்திலோ வைத்து வாங்க வேண்டும், கூடியவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது என்று 24-ஆவது பிரிவு சொல்கிறது. இதைப் பிள்ளையிடமே சொல்லிவிடுவது நல்லது. "போலீஸ்" என்றதும் பயப்படும் பிள்ளை, "சேலையோ சுடிதாரோ போட்டுட்டு ஒரு மேடம் வருவாங்க" என்றதும் கொஞ்சம் மூச்சு விடும். வழி தெரியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள்.

இன்னொன்று, "செத்துப்போயிரலாம்னு இருக்கு." மே மாதம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வரும் வாரத்தில் இது அதிகம் காதில் விழும், மற்ற மாதங்களிலும் விழாமல் இல்லை. "வாய்ல நல்ல வார்த்தை வராதா" என்று அதட்டிப் பேச்சை மாற்றுவது நம் வழக்கம். நேராகக் கேட்டுவிட வேண்டும்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனநல மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யாராவது கேட்டார்களே என்று பிள்ளைக்கு ஒரு ஆசுவாசம்தான் வரும். பதில் "ஆமா" என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெற்றோரை வரவழைத்து, ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி, அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண்ணிலும், 104 மருத்துவ உதவி எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். ரிசல்ட் விஷயமென்றால் துணைத் தேர்வு அடுத்த சில வாரங்களில் வருகிறது, எழுதினால் அதே வருடம் மேற்படிப்புக்குப் போகலாம் என்ற தகவலையும் சேர்த்துச் சொல்வேன், ஆனால் முதலில் அல்ல. முதலில் தகவலை எடுத்துப் போட்டால் அதுவும் ஒரு வாயடைப்புதான்.

பாராட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் கஷ்டமான புதிர்களில் தோற்றதும் சுருண்டுபோனார்கள், மதிப்பெண்ணைக் கூட்டிப் பொய் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். முயற்சியைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் மறுபடி உட்கார்ந்து போட்டார்கள். அதனால் "சூப்பர்", "வெரி குட்" எல்லாவற்றையும் நான் குறைத்துவிட்டேன். "மூணாவது வரில மைனஸை விட்டிருந்த, நீயே திரும்பிப் பாத்து மாத்திட்ட" என்பேன். இதில் புகழ்ச்சியே இல்லை, ஆனால் தன் நோட்டை ஒருவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிகிறது. மக்கு, தண்டம், மாடு மேய்க்கப் போ போன்றவற்றைப் பற்றி எழுதவே அலுப்பாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடியை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது.

"நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா" என்ற வாக்கியம் பள்ளிக்கு வெளியே என்ன பொருள் தருகிறது என்றும் யோசிக்க வேண்டும். கம்பெனியில் அரை நாள் சம்பளம் போச்சு என்று பொருள். அந்த எரிச்சலோடு வரும் அம்மா எங்கள் முன்னாலேயே பிள்ளையை ரெண்டு போடுவார். நான் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் செய்கிறேன். முதல் போன் எப்போதும் நல்ல விஷயத்துக்காக. எடுத்ததும் எல்லாப் பெற்றோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன தப்புங்க டீச்சர் பண்ணினான்?" ஒன்றுமில்லைங்க, இன்னிக்கு பின்னத்தைப் போர்டில் வந்து போட்டான், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, அப்புறம் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்து அவரிடமும் சொல்லச் சொல்வார்கள். பின்னால் சிக்கலான விஷயத்துக்குக் கூப்பிடும்போது இந்த முதல் போன் கைகொடுக்கும்.

ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், அதற்கு மேல் பிள்ளைகளின் விவரங்களைக் கல்வித் துறைக்கு ஏற்றும் எமிஸ் பதிவேற்றம். எமிஸில் பிள்ளையின் ரத்த வகை வரைக்கும் இருக்கிறது, திங்கட்கிழமை காலையில் சாப்பிட்டு வந்ததா என்பது இல்லை. எல்லாப் பிள்ளைகளையும் எல்லா நேரமும் கேட்க ஒருவரால் முடியாது. முடியாத நேரத்தில் பாதிக் காதோடு கேட்பதைவிட, "இப்ப என்னால முழுசாக் கேக்க முடியாது, மதியம் சாப்பிட்டதும் வா" என்பது மேல். சொல்லிவிட்டு மதியம் அங்கே இருக்க வேண்டும். இருக்க முடியாமல் போனால் ஆள் அனுப்பியாவது சொல்ல வேண்டும். பிள்ளை பேசிய மறுநாள், பரிதாபமாகப் பார்க்கக் கூடாது. மற்றவர்களிடம் கேட்பதுபோலவே அவனிடமும் "அளவுகோல் கொண்டாந்தியா?" என்று கேட்க வேண்டும். கேட்ட விஷயத்தை டீ நேரத்தில் ஆசிரியர் ஓய்வறையில் கதையாகச் சொல்வதுபோல் நம்பிக்கையைக் கெடுக்கும் காரியம் வேறில்லை. அங்கே பேசியது மூன்றாவது பீரியடுக்குள் வகுப்புக்கு வந்துவிடும், எப்படி என்றே தெரியாது.

இத்தனை செய்தும் என்னிடம் வாயே திறக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் மொழி ஒரு தடை. போர்டில் கணக்குப் போடுவாள், எண்களைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டாள், மற்றபடி ஒரு சிரிப்புதான். இந்தி தெரிந்த வகுப்புத் தோழியை வைத்துப் பேசினால் அவளுடைய வீட்டு விஷயம் தோழிக்கும் தெரிந்துவிடும், அதனால் அப்படிச் செய்வதில்லை. அவள் யாரிடம் பேசுகிறாள் என்று கவனித்தேன். சத்துணவு ஆயாவிடம். கரண்டியால் முட்டையை எடுத்து வைக்கும்போது இருவரும் ஆளுக்கொரு மொழியில் நீளமாகப் பேசிக்கொள்வார்கள், இருவருக்கும் முக்கால்வாசி புரிந்துவிடும். பார்த்தால் அவள் மட்டுமல்ல, பத்தாம் வகுப்புப் பையன்கள் வரை பலரும் சோறு வாங்கும் சாக்கில் அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். யார் இரண்டாம் தடவை சோறு கேட்கிறார்கள், யார் தம்பிக்காக முட்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அதனால் வாரத்தில் ஒரு நாளாவது சமையல் கூடத் திண்ணையில் அவரோடு உட்கார்கிறேன். பிள்ளைகள் ஏதாவது பெரிய விஷயம் சொன்னால் திட்டாமல் கேளுங்கள், தோண்டாதீர்கள், அன்றைக்கே என்னிடம் சொல்லுங்கள், நான் இல்லாவிட்டால் 1098 என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த நம்பருக்குக் கூப்பிட்டா என் பேரை வெளிய சொல்லிருவாங்களா டீச்சர்? இதே தெருவுலதான் நானும் குடியிருக்கறேன்." வெளியே விட மாட்டார்கள் என்றேன். சரி என்று போனை என்னிடம் கொடுத்தார். நம்பரைப் பதிந்துவிட்டு என்ன பேர் போடட்டும் என்று கேட்டேன். "வீட்டுக்காரர் பார்த்தா கேப்பாரு, கேஸ் சிலிண்டர்னு போட்டுருங்க" என்றார்.